வதனியின் பயோடேட்டா

வெள்ளவத்தை,
ஆடி 1996

அன்புள்ள மச்சான் நமசிவாயம் அவர்களுக்கு,

நாங்கள் நலம். வவுனியாவில் நீங்களும் தங்கச்சியும் நலமாயிருக்க முருகன் துணை நிற்பானாக.

இந்த மாத முடிவுக்குள் வேலைக் கடிதம் காட்டாவிட்டால் உங்கள் மகள் வதனி கொழும்பில் தங்கப் பொலிஸ் பதிவு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே அவளுடைய பயோடேட்டாவை நானே எழுதினேன். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காகக் கடிதம் எழுதியே ஓய்வு பெற்றவன் என்ற துணிவுதான். மூன்று பக்கம் வந்தது. அச்சடிக்க, பக்கத்து ஒழுங்கையில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் ஹமீமாவிடம் கொடுத்தேன்.

"அங்கிள், இது வேலைக்கா, கலியாணம் பேசவா?"

"வேலைக்குத்தான் பிள்ளை. ஏன்?"

"ரோகிணி நட்சத்திரம். செவ்வாய் தோஷம் இல்லேண்டும் போட்டிருக்கீங்க. மெனேஜருக்கு இது என்னத்துக்கு?"

என் பெண்கள் நால்வருக்கும் கலியாண விபரம் எழுதிப் பழகிய கை, மச்சான். வேறு மாதிரி எழுத அதற்குத் தெரியவில்லை. வெட்கத்தில் குடையையும் விட்டுவிட்டுப் புறப்பட்டேன். அவள் கூப்பிட்டு இருத்தி, "மெனேஜர் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டுத்தான் பாப்பாரு. கோப்பைய கீழ வைக்கிறதுக்குள்ள புள்ளைக்கு என்ன வேல தெரியும்டு வெளங்கணும்" என்று சொல்லி, என் மூன்று பக்கத்தையும் ஒன்றாக்கினாள், ஓரத்தில் நான் வரைந்திருந்த பூக்கரையை எடுத்துவிட்டாள், மேலே பெயர், அதன்கீழ் தட்டச்சும் கணக்குப்பதிவும், பிறகு படிப்பு, நடுவே கண் இளைப்பாற வெற்றிடம், அச்செடுக்கும் நேரம் பார்த்து மின்சாரம் போக, எல்லாம் அழிந்தது; மின்சாரம் வந்ததும் முகம் கோணாமல் முதலிலிருந்து அடித்தாள். பிறந்த இடம் கிளிநொச்சி என்பதை, அந்தப் பேரைக் கண்டாலே சந்தேகப்படும் இந்தக் காலத்தில், எங்கே போடுவது என்று பயந்து பயந்து கேட்டேன். தாளின் அடியைத் தொட்டுக் காட்டினாள்.

"பொய் சொல்லமாட்டோம் அங்கிள். கடைசில சொல்லுவோம்."

அந்தத் தாளின் அழகை எப்படி எழுதுவேன்! என் வாழ்நாளில் நான் அனுப்பிய எந்தக் கடிதமும் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை. இன்று காலை வதனி அதை உறையிலிட்டுக் கொட்டாஞ்சேனைக் கம்பனி ஒன்றுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். வேலை கிடைத்தால் அது முழுக்க ஹமீமாவின் கைவண்ணம்தான். தங்கச்சியைக் கவலைப்படாதிருக்கச் சொல்லுங்கள். எல்லாருக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அன்பு மச்சான்
வைத்திலிங்கம்

பி.கு.: வதனி வந்துவிட்டாள். வேலைக் கடிதமும் கையோடு! கம்பனி வாசலில் காத்திருந்தபோது தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்ததாம். அதை எடுக்கிற பெண் நேற்றுத்தான் வேலையை விட்டு விலகினாளாம். இவளே எடுத்து, கேட்ட சாமான் ஓடரை ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறாள். மெனேஜர் வந்து பார்த்துவிட்டு, "நாளைக்கே வாங்கோ" என்றாராம். உறையை அவர் திறக்கவே இல்லை; அப்படியே திரும்பக் கொண்டுவந்திருக்கிறாள். ஹமீமாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாராவது ஒருவர் வாசிக்கவேண்டாமா? அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், மச்சான். தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள்.