இடம் மாறிய கோளும் கடைசி வயலும்

"சாயங்காலம் மழைங்க. இது நாஞ் சொல்றதில்ல, மேல நிக்கிற செயற்கைக்கோளு சொல்றது" என்று மோகனசுந்தரம் கைப்பேசியை வானத்துக்கே தூக்கிக் காட்டினார், வானமும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளட்டும் என்பதுபோல.

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே வயல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் முற்றி நின்றன. கதிரறுக்கும் இயந்திரமோ ஒன்றே ஒன்று. பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்த அது, விடிந்தால் வேறு ஊருக்குப் போய்விடும். அன்று யார் வயல் முதலில் என்பதைப் பாடசேகர சமிதி முடிவு செய்ய வேண்டும். நெல் விவசாயிகளின் அந்தச் சமிதிக்கு மோகனசுந்தரம்தான் செக்ரட்டரி. அவரே மறந்தாலும் அவர் பைக்கும் வீட்டு கேட்டும் குடையும் மறக்கவிடா, மூன்றிலும் எழுதியிருந்தது.

"பள்ளத்து வயல மொதல்ல வெட்டோணும். மழை வந்தா வண்டி எறங்காது" என்றார் அவர்.

"பள்ளத்துல மொத வயலு ஆருதுங்க?" என்றாள் கூட்டத்தில் நின்ற மயிலாத்தாள்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவருடையதுதான்.

செக்ரட்டரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்படியா சங்கதி? என்ற வயலு கடைசி! போதுமா?"

பின்னால் நின்ற அவர் மனைவி பொன்னாத்தாள் பல்லைக் கடித்தாள். "ஏனுங்க, சேத்துல நிக்கறது நானு, வாக்குக் குடுக்கறது நீங்களா?"

"சமிதின்னா நேர்மை வேணும், பொன்னு."

நேர்மை நிலைமையை இன்னும் கெடுத்தது. ஒன்றுவிட்ட அண்ணன் பொங்கியண்ணன் எழுந்தார். "இவனே கடைசிக்குப் போறான்னா மழை வராதுன்னு இவனுக்குத் தெரிஞ்சிருக்குது. அப்பறம் எதுக்கு வரிசைய மாத்தறது? அதுவுமில்லாம, அந்தக் கோளே ரிட்டயர் ஆனதாமே?"

"அண்ணா! ஐரோப்பாக்காரன் அவன் ஊரு வானத்துக்குன்னு வச்சிருந்தது அது. புதுசு வந்ததும் பழசத் தூக்கி வீசல. மெல்ல நகத்திக் கொண்டாந்து இந்துமாக்கடலுக்கு மேல நிறுத்தீட்டான். இப்ப நம்ம மேகத்தப் பாக்குது."

"என்ற மருமவன் பழைய டிவிய எனக்குக் குடுத்தாப்புல. படம் வருது. மூஞ்சியெல்லாம் பச்சை."

கூட்டம் சிரித்தது. மோகனசுந்தரம் சிரிக்கவில்லை. ஒருவர் விடாமல் எல்லாருக்கும் புரியவைத்து, ஏகமனதாகத் தீர்மானம் போடாமல் இயந்திரம் எந்த வயலிலும் இறங்காது என்று அறிவித்தார்.

மனைவி சண்டைக்கு வருவாள் என்று பயந்தார். ஆனால் அவள் முகம் சட்டென்று தெளிந்திருந்தது. "அதுதானுங்க செரி. வெயில்ல நின்னா ஆருக்குப் புரியும்? ரைஸ்மில் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போய் நிதானமாச் சொல்லுங்க. வண்டி டிரைவர் சோலைகிட்ட நான் போய்ச் சொல்லிக்கறேன்."

கல்யாணமான நாளிலிருந்து எதிர்பார்த்த மரியாதை ஒருவழியாக வந்து சேர்ந்ததாக அவருக்குத் தோன்றியது.

கொட்டகையில் டிவியை வைத்துப் படம் காட்டத் தொடங்கியதும் கரண்ட் போனது. செக்ரட்டரி அசரவில்லை. பூமிக்கு ஒரு தேங்காய், கோளுக்கு ஒரு எலுமிச்சை. பொங்கியண்ணனை ஐரோப்பாவாகவும் மயிலாத்தாளை இந்துமாக்கடலாகவும் நிறுத்தினார்.

"நான் எதுக்குங்க கடலு?"

"ஓயாம எரையற ஆளு வேற ஆரிருக்கறா?" என்றது ஐரோப்பா.

கடல் கோபித்துக்கொண்டு வெளியேறப் பார்த்தது. அந்த நேரம் பார்த்துப் பொன்னாத்தாள் டீயும் பஜ்ஜியுமாக வந்து நின்றாள். கடல் உட்கார்ந்தது.

"வண்டி ஓடற சத்தம் கேக்குதே?" என்றார் பொங்கியண்ணன்.

"நிறுத்துனா மறுக்காக் கெளம்பாதாமுங்க மாமா, சும்மா ஓட விட்டிருக்கறாரு" என்ற பொன்னாத்தாள் கணவனிடம் திரும்பினாள். "ஏனுங்க, அத்தன ஒசரத்துல அது எப்புடி நகந்துச்சு? அதை மட்டும் மொதல்ல இருந்து சொல்லுங்க."

முதலிலிருந்து சொன்னார். பழசுக்குக் கண் மங்காதா என்றார்கள், அதற்கும் சொன்னார். எலுமிச்சை பலமுறை இடம் மாறியது. கடைசியில் பசியாலோ தெளிவாலோ எல்லாக் கைகளும் உயர்ந்தன. தீர்மானத்தில் அவர் கையெழுத்தைப் போடவும் இடி இடித்தது.

"பாத்தீங்களா! சொன்னேனா இல்லியா!" என்று துள்ளினார். அந்த மகிழ்ச்சி, வெளியே நெல் நிற்பது நினைவுக்கு வரும்வரை நீடித்தது.

கொட்டும் மழையில் எல்லோரும் ஓடினார்கள். சாலையோரம் இயந்திரம் நின்றது. அதன்மேல் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு சோலை உட்கார்ந்திருந்தான்.

"கோளு செரியாத்தான் சொல்லியிருக்குது. நீ வாய மூடியிருந்தா நாங்களும் வெட்டியிருப்போம்" என்று பொங்கியண்ணன் கத்தினார்.

மோகனசுந்தரம் நனைந்த நெஞ்சை நிமிர்த்தினார். "என்ற நெல்லுந்தான் நனையுது அண்ணா. கடைசின்னு சொன்னேன், கடைசியாவே நின்னேன். அதுல ஆரும் கொறை சொல்ல முடியாது. என்னப்பா சோலை?"

சோலை தார்ப்பாயை விலக்கித் தலையை நீட்டினான்.

"உங்க நெல்லு நனையலீங்கய்யா, எல்லாம் அறுத்து ஊட்டுல எறக்கியாச்சு, முடியற வரைக்கும் உங்க பேச்சு நிக்காமப் பாத்துக்கறேன்னு அக்காதான் சொன்னாங்க."