பொக்கோனேவும் பெத்திலியோவும்

மொன்தெரிவோ நகராட்சியின் பண்பாட்டுப் பிரிவு என்பது ஃபுல்வியா தக்கோனி என்ற ஒரே அம்மையார்தான். ஊரின் பெருமையை வளர்ப்பது அவர் வேலை. பெருமைப்பட அங்கே இருந்தவை இரண்டே இரண்டு: பன்றித்தொடை உப்புக்கண்டமும், பண்டைய ரோமானியக் கவிஞர் பொக்கோனேவும். பொக்கோனே என்றால் இத்தாலிய மொழியில் 'ஒரு கவளம்'. ஆகவே உப்புக்கண்டக் கடைக்கும் அவர் பெயரையே வைத்திருந்தார்கள்.

கவிஞருக்கு வெண்கலச் சிலை வைக்க ஃபுல்வியா மாகாண அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கினார். அதைப் பொறுக்காத பக்கத்து ஊர் ரொக்காவெர்தேவும் தன் கவிஞர் பெத்திலியோவுக்கு ஒரு சிலை வைக்க அனுமதி வாங்கிவிட்டது. இரண்டு சிலைகளும் வார்த்து முடிந்து, பேண்டு வாத்தியத்துக்கும் சொல்லியான பிறகு, பொலோஞா நகரிலிருந்து பேராசிரியர் ரிதோல்ஃபி வந்து சேர்ந்தார்.

"ரெண்டும் ஒரே ஆள்தாம்மா" என்றார். "முழுப் பேரு காயுஸ் பெத்திலியுஸ் புக்கோ. முதல் பேரு வீட்ல கூப்பிட. நடுப் பேரு குடும்பத்தோடது. கடைசி, பட்டப்பேரு. புக்கோன்னா உப்பின கன்னம்."

பிறகு நடந்ததையும் சொன்னார். ஏடுகளைப் பிரதி எடுத்த ஒரு மடத்துத் துறவிகள், இடம் மிச்சம் பிடிக்கப் பட்டப்பெயரை மட்டும் எழுதினார்கள். இன்னொரு மடத்துத் துறவிகளோ பட்டப்பெயர் மரியாதைக் குறைவென்று குடும்பப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். லத்தீன் மொழி இத்தாலியமாக மாறியபோது பெயர்களின் வாலும் மாறி, புக்கோ பொக்கோனே ஆனார், பெத்திலியுஸ் பெத்திலியோ ஆனார். இப்படியாக ஒரு மனிதர் செத்த பிறகு இரண்டு பேரானார்.

ஒரு கவிஞருக்கு ஒரு சிலை என்பது மாகாண விதி. இரண்டில் ஓர் ஊர் சிலையைத் திருப்பித் தரவேண்டும். அது மொன்தெரிவோவாக இருந்தால் ஃபுல்வியா ஊரில் தலைகாட்ட முடியாது. வேறு வழியில்லாமல் ரொக்காவெர்தேவின் பண்பாட்டு அதிகாரி உபால்தோவைத் தேடிப்போனார். காபிக் கடையில் உட்கார்ந்திருந்த உபால்தோ காபியைக் கலக்கிக்கொண்டே யோசித்தார்.

"உங்க சிலைக்குக் கன்னம் உப்பியிருக்கா?"

"ஆமா."

"எங்காளு ஒட்டின கன்னம். அப்ப ரெண்டு பேருதானே?"

மாகாண அலுவலகம் நேரில் வந்து ஆய்வு செய்தது. 'மேற்படி கவிஞர்கள் இருவருக்கும் உருவ ஒற்றுமை இல்லாமை கண்ணால் கண்டு உறுதி செய்யப்பட்டது' என்று ஆணை பிறந்தது. அந்த மை காயுமுன் மூன்றாவது ஊர் ஒன்று, எஞ்சிய 'காயுஸ்' எங்களுடையவர் என்று மனுப் போட்டது. அந்தக் காலத்தில் ரோமாபுரியில் தெருவுக்குப் பத்து காயுஸ் உண்டு. ஆகவே மறுக்க ஆதாரமில்லை என்று அதற்கும் அனுமதி கிடைத்தது.

பேராசிரியர் ரிதோல்ஃபி கொதித்துப் போனார். அவரை முக்கவிஞர் ஆய்வு மையத்தின் தலைவராக நியமித்தார்கள். கொதிப்பு தணிந்தது. திறப்பு விழா மேடையில் அவரே பேசினார். மூவர் பெயரிலும் கிடைத்திருப்பவை அதே கவிதைகள்தாம் என்றாலும், பெத்திலியோவிடம் உள்ள ஆழம் பொக்கோனேவிடம் இல்லை என்றார். ரொக்காவெர்தேக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மொன்தெரிவோக்காரர்கள் நாற்காலியைத் தூக்கினார்கள்.

கலாட்டா அடங்கியதும் உபால்தோ சிரிப்பை அடக்கிக்கொண்டு ஃபுல்வியாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாம காபிக் கடையில பண்ணின வேலை, எங்க வந்து நிக்குது பாருங்க."

ஃபுல்வியா சிரிக்கவில்லை. அவர் முகம் சிவந்திருந்தது.

"அது கிடக்கட்டும் உபால்தோ. உங்க பெத்திலியோ எங்காளைப் பார்த்துக் காப்பியடிச்சதை மட்டும் ஒத்துக்கங்க."

உபால்தோவின் சிரிப்பு நின்றது.

"யாரு? எங்க பெத்திலியோவா?" என்று கேட்டபடி, அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.