முதல் தரக் கொட்டை

நாலு மணிக்குப் பெண் பார்க்கப் பையன் வீட்டார் வருவதாக இருந்தது. காலையில் வந்திருக்க வேண்டிய லாரி மூன்றரைக்கு வந்து, பதினெட்டு மூட்டை கொக்கோ தோலை வாசற்படியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது.

சாக்லேட் கம்பெனியில் கொக்கோ கொட்டையை வறுத்து உடைத்த பிறகு மிஞ்சுகிற தோல் அது. கம்பெனிக்குக் குப்பை. பெண்ணின் அப்பாவுக்கு அதுதான் பிழைப்பு. பின்பக்க ஷெட்டில் சலித்து, அரைத்து, நல்ல தோலில் டீத்தூளும் மட்டமானதில் செடி உரமும் செய்துவந்தார். அந்தத் தோலில்தான் குடும்பம் தலைநிமிர்ந்து நின்றது. ஆனால் 'குப்பை' என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது.

வெளியே உச்சரித்தார்கள். 'குப்பைக்காரர் மகள்' என்று யாரோ சொன்னதில் ஏற்கெனவே இரண்டு வரன்கள் கைநழுவிவிட்டன. அதனால் இந்த முறை தரகரிடம், "எங்களுக்கு சாக்லேட் தொழில்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். பையனின் அப்பாவும் ஏதோ பெரிய கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறாராம். இதுவும் போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

"ஷெட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடலாங்க," என்றாள் மனைவி.

"அங்க கால் வைக்க இடமில்ல. கூடத்துக்குக் கொண்டா."

"கூடத்துக்கா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"திவான் மாதிரி அடுக்கி, மேல போர்வைய விரிச்சா எவனுக்குத் தெரியும்?"

திவான் கம்பீரமாகத்தான் அமைந்தது. ஆனால் கூடமெங்கும் கருகிய சாக்லேட் வாசம். அதை அடக்க மகளின் செண்டு பாட்டிலைக் காலி செய்தார். இப்போது, சாக்லேட்டைக் குளிப்பாட்டிக் கல்யாணத்துக்கு அழைத்துப் போவது போல் மணந்தது.

"அப்பா, உங்க வெள்ளைச் சட்டையப் பாருங்க," என்றாள் மகள்.

சட்டை முழுக்கப் பழுப்புத் தூள். மாற்றுவதற்குள் அழைப்பு மணி அடித்தது. மேலே கோட்டை மாட்டிக்கொண்டு, வியர்வை வழியக் கதவைத் திறந்தார்.

பையனின் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பா வாசலிலேயே மூக்கை ஒருமுறை உறிஞ்சினார். பிறகு நாலு நாற்காலியையும் விட்டுவிட்டு, இருவரும் நேராகத் திவானில் போய் உட்கார்ந்தார்கள்.

டர்ரென்று ஒரு மூட்டையின் வாய் பிரிந்தது. தோல் சரசரவென்று சரிந்து பையனின் அப்பாவுடைய பாதங்களை மூடியது.

"என்னங்க இது?" என்றார் அவர், மெல்ல.

"கொட்டை. முதல் தரம். வெளிநாட்டுக்குப் போறது. வீட்ல வச்சாத்தான் பாதுகாப்பு."

பையனின் அப்பா ஒன்றை எடுத்து, வெகுநேரம் பார்த்தார். வாயில் போட்டு மென்றார். முகம் கோணியது.

"நல்ல கொட்டை," என்றார். உடனே இருமல் பிடித்துக்கொண்டது.

பெண்ணின் அம்மா ஓடிப்போய், பதற்றத்தில் தண்ணீருக்குப் பதில் அடுப்பிலிருந்த தோல் டீயைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் மடமடவென்று குடித்துவிட்டு, தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"அது எங்க குடும்பத்துக்குன்னே தனியா செய்யற பானம்," என்றார் பெண்ணின் அப்பா.

மகள் உள்ளேயிருந்து வந்து நின்றாள்.

"போதும்ப்பா. மாமா, அது கொட்டை இல்ல, தோலு. சாக்லேட் கம்பெனிக்காரங்க வேணாம்னு தள்ளறது. நீங்க குடிச்சது அதுல போட்ட டீ. இதான் எங்க தொழில்."

பெண்ணின் அப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"பொய் சொன்னது நான்தான். எம்பொண்ணு சொல்லல. நீங்க கிளம்பறதுன்னா நான் தடுக்க மாட்டேன்."

பையனின் அப்பா கிளம்பவில்லை. தலையைக் குனிந்தபடி, பிரிந்த மூட்டையின் வாயை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் வாயைத் திறந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. அந்த சாக்லேட் கம்பெனியில மூட்டை தைக்கிறதே இவர்தான், இங்க வரணுமேங்கற அவசரத்துல காலையில ஒத்தத் தையலோட விட்டுட்டாரு."