நூறாவது அட்டைக்குச் சேறு பூசிய படலம்

வாழ்க, காடு மேடு பாராத பழம்பெரும் நாற்சக்கர வேழங்களின் புகழைத் திங்கள்தோறும் அச்சேற்றும் 'சேற்றரசு' இதழின் ஆசிரியர் பெருமான்! வாழ்க, எந்தச் சோப்புக்கும் அடிபணியாத கரியெண்ணெய் குடிகொண்ட அவர்தம் பத்து நகக்கண்கள்! முதற்சாவிக்கு இருமி, மறுசாவிக்குக் கனைத்து, அதன்பின்னரே முழங்கும் பழைய டீசல் எந்திரங்களே, உங்கள் முழக்கத்தில் ஒரு பிடி என் நாவுக்குத் தந்தருளுங்கள். அப்பெருமான் ஒரு கை சேற்றோடு பொருத பெரும்போரை நான் நடுவழியில் நின்றுவிடாமல் சொல்லி முடிக்க வேண்டும்.

டயர்க் கடையொன்றின் மாடியில், புதுரப்பர் மணம் கமழும் மூன்றறைக் கோட்டத்தில், ஒரு காலுக்கு மட்டும் அட்டை மடித்து வைத்த மேசையையே அரியணையாகக் கொண்டு அவர் வீற்றிருந்தார். அங்கிருந்து அவர் விடுத்த தலையங்கங்களோ இடியேறு நிகர்த்தவை. "சேறு படாத வண்டி வண்டியன்று, அலமாரி!" என்று ஒரு திங்கள் முழங்கினார். "வண்டியைக் கழுவுகிறவன் அதன் வரலாற்றை அழிக்கிறான்!" என்று மறுதிங்கள் ஆணையிட்டார். அவ்வாணையைத் தலைமேற்கொண்ட வாசகப் பெரும்படை ஓடை கண்ட இடமெல்லாம் இறங்கிற்று. குட்டை கண்ட இடமெல்லாம் கலக்கிற்று. பின்னர் வீடு திரும்பி, மனைவியரிடமும் தாய்மாரிடமும் வசையம்பு பட்டு வீரவடு தாங்கிற்று.

ஆனால், அந்தோ, ஆசிரியரின் சொந்த வண்டி சேற்றை முகர்ந்தும் பார்த்ததில்லை. பழைய இரும்புக் கடையில் கதவிழந்து, கூரையிழந்து, ஓட்டுநர் இருக்கையில் பூனை குட்டி போட்டுக் கிடந்த அவ்வேழத்தை அவர் விலைகொடுத்து மீட்டார். துருவென்னும் அரக்கனை உப்புத்தாளால் தேய்த்தே மாய்த்தார். ஒவ்வொரு மரையாணியையும் தம் கையாலேயே முடுக்கி, இலைப்பச்சை வண்ணம் பூசி, அடியில் பருத்தித் துணியும் இடையில் கம்பளியும் மேலே தார்ப்பாயுமாக மும்மைப் போர்வை போர்த்திக் கொட்டகையில் துயிற்றினார். பள்ளம் மேடு காண அஞ்சாத பேரெந்திரம் பால் வாங்கவும் பத்திரிகைக் கட்டு ஏற்றவும் மட்டுமே, அதுவும் வானம் வெளுத்த நாளில் மட்டுமே, வெளிப்போந்தது. மஞ்சள் துணியொன்று அவர் கால்சட்டைப் பையினின்று வாலெனத் தொங்கி, தூசு தோன்றிய கணமே வாளெனப் பாய்ந்தது.

இவ்வாறிருக்க, இதழின் நூறாவது திங்கள் வந்தது. அதன் அட்டையில் தம் வண்டியே வரவேண்டும் என்பது ஆசிரியர் நெடுநாள் நெஞ்சில் அடைகாத்த கனவு. அவர்தம் மைத்துனனும், 'பிளாஷ்' என்னும் பட்டம் பூண்டவனும், இதழுக்குப் படமெடுப்பவனுமாகிய காளை, கொட்டகைக்குள் புகுந்து எடுத்த படங்களில் அவ்வண்டி நகைக்கடை வாசலில் நிற்கும் மணப்பெண் போல் மினுங்கிற்று. அச்செய்தி எங்ஙனமோ கசிய, மறுநாளே தொலைபேசி அலறிற்று. மறுமுனையில், தொலைதூரப் பண்ணைகளுக்கெல்லாம் தம் பழைய வண்டியிலேயே சென்று மருத்துவம் பார்க்கும் மாட்டு டாக்டர் அம்மா.

"சார், உங்க தலையங்கம் ஒண்ணு விடாம படிக்கிறவ நான். நூறாவது அட்டையில உங்க வண்டியாமே? சேத்தோட வருதா, சோப்போட வருதா?"

ஆசிரியர் "ஹலோ, ஹலோ, சரியாக் கேக்கல" என்று புறமுதுகிட்டார். ஆனால் இதழின் பக்கங்களை வடிவமைப்பவரும், அச்சகத்தாரை அடக்கியாள்பவரும், ஆசிரியரின் இல்லத்தரசியுமாகிய தலைவிக்கு எல்லாம் சரியாகவே கேட்டது. கணினித் திரையினின்று கண்ணெடாமலே அவர் தீர்ப்புரைத்தார்.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சேத்தோட ஒரு படம் வரணும். இல்லன்னா அட்டையில டாக்டர் அம்மா வண்டிதான். அச்சகத்துல சொல்லிட்டேன்."

எழுந்தது போர்! ஊர்ப்புறத்தே, யாரோ வீடு கட்டத் தோண்டிப் பாதியில் கைவிட்ட மனையொன்றில், முந்தைய நாள் பெய்த மழை தேங்கி, தேநீர் நிறத்தில் ஒரு பெருங்குட்டை படமெடுத்த பாம்பெனக் காத்திருந்தது. ஒருபுறம் பிளாஷ் சாக்கு விரித்துக் குப்புறக் கிடந்து கேமராவைக் குறிபார்த்தான். மறுபுறம் தலைவி குடை பிடித்து நின்றார். எதிரே, நீராவி கக்கும் மதயானையென உறுமியவாறு வந்தது இலைப்பச்சை வேழம், குட்டையின் விளிம்பு வரை வந்தது, வந்து, நின்றது. ஆசிரியர் இறங்கி, டயரில் காற்று போதுமா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

மீண்டும் பின்வாங்கி மீண்டும் சீறிவந்தார். இம்முறை வெளிச்சம் சரியில்லை என்றார். அதற்கடுத்த முறை, புழுதி பறக்கப் பிரேக்கை மிதித்து, சுட்டுவிரலை நீர்மேல் நீட்டினார்.

"தவளை இருக்கு. பாவம்."

"தவளைக்கு நீந்தத் தெரியும்ங்க" என்றார் தலைவி.

வலிமையால் வெல்ல மாட்டாதவர் சூழ்ச்சியை நாடுவது போர்க்களத்து இயல்பே. ஆசிரியர் கருவிப்பெட்டியினின்று சிறு பெயின்ட் பிரஷை உருவினார்; குட்டையின் ஓரத்தில் அதன் நுனியைத் தொட்டார்; மூச்சடக்கி, முகம் சுளித்து, குழந்தைக்கு ஊசி போடக் காணும் தந்தை போல் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, முன்சக்கரத்தின் மேற்காப்பில் ஒரு புள்ளி வைத்தார்.

பிளாஷ் கேமராவினின்று தலை நிமிர்த்தினான். "மாமா, இது சேறு மாதிரி இல்ல. மச்சம் மாதிரி இருக்கு."

அவன் சொல்லி வாய்மூடுமுன் மஞ்சள் துணி பாய்ந்து அம்மச்சத்தையும் மாய்த்தது.

அப்போது, திசையெல்லாம் தகரம் அதிர, வந்து சேர்ந்தது டாக்டர் அம்மாவின் வண்டி. கூரை முதல் சக்கரம் வரை காய்ந்த சேறு கவசமெனப் படிந்திருந்தது. அதன் உண்மை நிறத்தை அறிந்தோர் எவருமிலர். பின்புறம் கட்டியிருந்த ஆடொன்று சபையை ஏறிட்டுப் பார்த்துக் கனைத்தது. தலைவிதான் வரச்சொல்லியிருந்தார். டாக்டர் அம்மா சன்னல் வழியே தலைநீட்டி, "அவசரமில்ல சார், முடிச்சிட்டு வாங்க. நான் சும்மாதான் நிக்கிறேன்" என்றார். நூறு கணைகள் செய்யாததை அந்தச் சும்மா செய்தது. ஆசிரியர் முகம் வாடிற்று; வண்டியின் கதவில் உள்ளங்கை பதித்து, தேர்வெழுதப் போகும் மகளை வழியனுப்புபவர் போல் அசையாது நின்றார்.

தலைவி குடையை மடக்கித் தம்பி பிளாஷிடம் எறிந்தார். ஓட்டுநர் இருக்கையில் ஏறினார்.

"என்னங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"வேண்டாம்மா! உனக்கு ஓட்டிப் பழக்கமில்ல!"

"துடைச்சுத்தான் பழக்கமில்ல. ஓட்டத் தெரியும்."

முழங்கிற்று எந்திரம்! பிளந்தது குட்டை! இருபுறமும் சேற்றுச் சிறகு விரித்து அவ்வேழம் பாய, "ரெண்டாவது கியர்! ரெண்டாவது கியர்!" என்று கூவியவாறு ஆசிரியர் பக்கவாட்டில் ஓடினார். அங்ஙனம் ஓடியதே அவர் செய்த பிழை. சக்கரங்கள் வாரியிறைத்த சேறனைத்தும் சற்றும் வழி தவறாது அவர்மீதே சென்று படிந்தது. வண்டி அக்கரை ஏறி நின்றபோது, அவர் அகல அகலமாய்ப் பொருத்திய சேறுதடுப்புப் பட்டைகளின் திறத்தால் அதன் மேனி பெரும்பாலும் தூய்மையாகவே இருந்தது. கதவில் மட்டும் ஒரு கையளவு கறை.

அதைக் கண்டார் பெருமான். கண்டு பொறாது ஓடிவந்தார். மஞ்சள் துணியை உருவித் துடைத்தார். துணியே சேறாதலின் கறை இருமடங்காயிற்று. சட்டைக் கையால் துடைத்தார். கதவு முழுதும் பரவிற்று. முழங்கையை ஊன்றித் தேய்த்தார், தோளைச் சாய்த்துத் தேய்த்தார், நெஞ்சையே அணைத்துத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அவர் மேலிருந்த சேறெல்லாம் தாய்வீடு சேர்வது போல் வண்டிமேல் குடியேறிற்று. பிளாஷ் குடையை எறிந்துவிட்டு மூச்சு வாங்காமல் சுட்டுத் தள்ளினான். டாக்டர் அம்மா வாய்பொத்திக் குலுங்கினார். தலைவியோ சிரிக்கவில்லை, இறங்கிவந்து, அவர் கண்ணிமைமேல் வழிந்த சேற்றைத் தம் விரலால் வழித்தெறிந்தார்.

ஆசிரியர் ஓரடி பின்வைத்து நோக்கினார். அவருடைய இரு கைகளும் தோளும் கன்னமும் அச்சடித்தாற்போல் பச்சை மேனியெங்கும் பதிந்திருந்தன.

"நல்லாத்தான் இருக்கு, இல்ல?"

"அதைத்தானே மாசாமாசம் எழுதுறீங்க" என்றார் தலைவி.

"படம் கிடைச்சிருச்சு மாமா, கிளம்பலாம்" என்றான் பிளாஷ். ஆனால் பெருமானின் செவியில் அது ஏறவில்லை. அவர் விழியில் ஏதோ ஒரு தீ பற்றியிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் தாவியேறினார், தலைவியைப் பக்கத்தில் அமர்த்தினார், "இருங்க, இன்னொரு தடவை!" என்று முழங்கிக் குட்டைக்குள் பாய்ந்தார். பாய்ந்து மீண்டு, மீண்டும் பாய்ந்து, தவளை தன் குலத்தோடு இடம்பெயர, ஆடு அஞ்சிக் கதற, டாக்டர் அம்மாவும் தம் வண்டியைப் பின்னே இறக்க, செங்கதிர் சாய்ந்து அச்சகத்தார் தொலைபேசியில் மீண்டும் மீண்டும் அழைத்து ஓயும்வரை அக்குட்டையைக் கடைந்தார். கடைந்து முடித்து, சேற்றரசென்னும் பெயருக்குத் தாமே உருவாகி, வெற்றிமுரசென எந்திரம் அதிர, வீதியோர் விலகி வழிவிட, தம் இல்லத்து வாசலில் வந்திறங்கினார்.

குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை.