சாம்பல் படிந்த நாற்பத்தொரு செடிகள்

சௌபாக்கியவதி மருமகள் அகிலாவுக்கு,

நெய்வேலி பதினேழாம் பிளாக்கிலிருந்து மாமனார் மாடசாமி ஆசீர்வாதம் சொல்லி எழுதச் சொன்னது. இங்கு நானும் சின்னவன் செந்தில்நாதனும் அவன் மோட்டார் சைக்கிளும் சுகம். கோயம்புத்தூரில் நீயும் என் மூத்த மகனும் உன் கேக் அடுப்பும் சுகமாக இருக்க வேண்டும். நீ வளர்த்துத் தரச் சொன்ன நீலப்பூ மட்டும் சுகமில்லை. இல்லவே இல்லை தாயி, ஒரு பூகூட இல்லை.

இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனைக் காதில் வைத்து உன் "மாமா" என்ற குரலைக் கேட்டால் என் வாய் தானாகப் பொய் சொல்கிறது. அதனால் பக்கத்து குவார்ட்டர்ஸ் லிடியா டீச்சரைக் கெஞ்சி, அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதச் சொல்கிறேன். அவர் கையால் பொய் வராது.

எனக்குப் படிப்பில்லை, ஞாபகம் உண்டு. எழுபத்தெட்டில் கான்ட்ராக்டில் சேர்ந்தபோது கொடுத்த டோக்கன் நம்பரை இன்றும் சொல்வேன். எந்த வருஷம் எந்த மாதம் மழைத்தண்ணீர் சுரங்கத்தில் இறங்கியது, அன்று யார் எந்த ஷிப்ட், சாப்பாட்டுத் தூக்கில் என்ன குழம்பு, எல்லாம் சொல்வேன். அந்தத் திமிரில்தான், நீ விதைப் பாக்கெட்டை அனுப்பி, "பின்னாடி எழுதியிருக்கு, யாரையாவது படிக்கச் சொல்லுங்க மாமா" என்றபோது, "நீ வாயால சொல்லு தாயி, அது போதும்" என்றேன். நீ பதினொரு விஷயம் சொன்னாய். வெயில் வேண்டும், தண்ணீர் அளவாக, எரு அதிகம் கூடாது, தின்கிற பூ என்பதால் பூச்சிமருந்து ஆகவே ஆகாது என்று பதினொன்றும் வரிசையாக ஞாபகம் இருக்கிறது. பன்னிரண்டாவதைப் பாக்கெட் மட்டும் தன் வயிற்றில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

தீபாவளி மழை விட்டதும் விதைத்தேன். பத்து நாளில் முளைத்தது. அதை உனக்குப் போனில் சொன்னேன், அது ஒன்றுதான் நிஜம். டிசம்பரில் பார்க்கிறேன், நாற்பத்தொரு செடியிலும் இலையெல்லாம் சாம்பல். நம் ஊரில் எதன்மேல் வெள்ளையாக எது படிந்தாலும் சாம்பல் என்பதுதான் வழக்கம். கொடியில் காயும் வேட்டியை உதறிவிட்டுத்தான் கட்டுவோம். ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்தேன். தினமும் ரெண்டு மணி நேரம், பச்சைக்குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி. போகவில்லை. சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தேன். முப்பத்தெட்டு வருஷம் சோறு போட்ட கம்பெனியின் புகைபோக்கியைக் குறை சொல்ல நாக்கு எழவில்லை. ஆகவே லிடியா டீச்சர் சருகு கொளுத்துவதால்தான் என்று முடிவுகட்டி, மதில் ஓரம் நின்று கத்தினேன்.

"டீச்சர், எஞ் செடி சாகுது, நீங்க குளிர் காயுறீங்களா?"

"நான் சருகு கொளுத்தி ரெண்டு வருஷம் ஆகுதுங்க மாடசாமி. குப்பை வண்டியிலதான் போடுறேன்."

"அப்ப இது யாரு வீட்டுச் சாம்பல்?"

"உங்க வாயிலதான் புகை வருது, போயி தண்ணி குடிங்க."

அன்றோடு பேச்சு நின்றது. நானும் ரோஷத்தில், சாம்பல் விழுந்தது இனிப் பிழைக்காது என்று நாற்பத்தொன்றையும் வேரோடு பிடுங்கி, அவர் பார்க்கட்டும் என்றே மதிலுக்கு அந்தப் பக்கம் வீசினேன். பாத்தியில் பச்சைப்பசேலென்று மினுமினுப்பாக நின்ற மற்றதை, இதுதான் தேறிய செடி என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மூங்கில் வேலி, மேலே பழைய கொசுவலை. மேல்மண்ணை அள்ளி ஓரத்தில் கொட்டிவிட்டு அடியில் இருக்கிற சரக்கை எடுப்பதுதான் சுரங்க வேலை. சரக்கை வெளியே வீசிவிட்டு மேல்மண்ணுக்குக் காவல் இருந்தவன் நான் ஒருத்தன்தான்.

நீ ரெண்டாம் முறை கேட்டபோது "மொட்டு விட்டாச்சு" என்றேன். மூன்றாம் முறை, "முதல் பெரிய ஆர்டர் மாமா, கல்யாண கேக், இருநூறு பூ வேணும், தின்னா எப்படி இருக்கும்னு கேக்குறாங்க" என்றாய். "வெள்ளரிக்காய் மாதிரி குளுகுளுன்னு இருக்கு தாயி" என்றேன். நீ அதை அப்படியே அந்தப் பெண்வீட்டாரிடம் சொல்லிவிட்டாய் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று காடாம்புலியூரிலிருந்து முந்திரிப்பருப்பு கொண்டுவரும் வள்ளியம்மாள் கொசுவலையைத் தூக்கிப் பார்த்தது. "இன்னா பெருசு, மூக்குத்திப் பூண்டுக் களைக்கா வேலி கட்டிகினு இருக்கற? எங்க கொல்லையில ஆடுகூட இத்த மதிக்காது!" என்று சிரித்த சிரிப்பு பதினெட்டாம் பிளாக் வரை கேட்டிருக்கும். இன்று பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெட்கத்தை விட்டு டீச்சரிடம் வந்தேன். படித்தார். "இலை இயல்பிலேயே சாம்பல் பூத்தாற்போல் இருக்கும்" என்று போட்டிருக்கிறதாம். அதுதான் பன்னிரண்டாவது. படித்துவிட்டு டீச்சர் பாக்கெட்டில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். "குறுக்கே பேசாதீங்க டீச்சர், எனக்கு ஓட்டம் விட்டுப்போகும்" என்று எழுத வைத்தேன். இப்போதும் என்னமோ சொல்ல வருகிறார். எழுதுங்க டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமை கேக்குக்கு நீ வேறு பூ பார்த்துக்கொள். அந்தப் பெண்வீட்டார் ஏசினால், மாமனார் ஒரு புளுகன் என்று சொல்லிவிடு, அது நிஜம்தான். டீச்சர்மேல் போட்ட பழிக்கு இந்தக் காகிதத்திலேயே மன்னிப்புக் கேட்கிறேன், அதையும் அவரே எழுதட்டும். நாளைக் காலை செந்தில்நாதன் இந்தக் கடிதத்தோடு பஸ்ஸில் வருகிறான். பூவுக்குப் பதில் ஒரு டப்பா முந்திரி அனுப்புகிறேன். உன் அடுப்பு அணையாமல், கை ஓயாமல், பேர் எடுத்து நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாடசாமி (இடது பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: அன்புள்ள அகிலா, இது லிடியா டீச்சர், என் பேச்சாக எழுதுவது. பெரியவர் ரேகை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்று மதிலைத் தாண்டி விழுந்த செடிகளை வாடவிட மனம் வராமல், தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் நட்டுவைத்தேன். என்ன செடி என்று தெரியாது, பாக்கெட்டில் படத்தைப் பார்த்ததும்தான் தெரிந்தது. சொல்ல நான்கு முறை வாயெடுத்தேன், விட்டால்தானே! நாளை விடியலில் பறித்து, முந்திரி டப்பாவுக்கு அடியில் ஈரத்துணி சுற்றி வைக்கிறேன். பூத்திருப்பது இருநூற்றுப் பன்னிரண்டு, மருந்து ஒரு சொட்டுப் படவில்லை. அவரிடம் திங்கட்கிழமை சொல்வேன். சருகுப் பழிக்கு அதுவரை கிடக்கட்டும். ஒரு பூவைத் தின்றும் பார்த்தேன். வெள்ளரிக்காய் மாதிரியேதான் இருக்கிறது.