நின்ற கோலத்தில் ஒரு படம்

தன்னைப் படம் எடுத்துக்கொள்ள வரும் பெரிய மனிதர் என்று ஓர் இனம் உண்டு. யார்க்‌ஷயர் கம்பளி ஆலைகளுக்கு நடுவே, கண்ணாடிக் கூரை போட்ட மாடியில் புகைப்படக் கடை வைத்திருக்கும் எனக்கு அந்த இனத்தைத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? எழுபது தாண்டியிருக்கும். பதவி இருக்கும், இல்லாவிட்டால் முன்னாள் பதவியாவது இருக்கும். மாடி ஏறிய மூச்சு அடங்குவதற்குள், "எனக்கு இதிலெல்லாம் ஆசை கிடையாதுப்பா, ஜனங்க தொந்தரவு" என்பார். பிறகு, ஆசையே இல்லாத அந்த மனிதர், இருக்கிற நாலு முடியைக் காதோரத்திலிருந்து உச்சிக்கு இழுத்துவிட்டு, பதக்கத்தைத் துடைத்து, வாழ்நாளில் புரட்டாத புத்தகத்தில் விரலை வைத்து, இங்கிலாந்தின் எதிர்காலத்தைப் பார்ப்பதாக நினைத்து என் அடுப்புக் குழாயை முறைத்துக்கொண்டிருப்பார்.

முன்னாள் மேயர் செப்டிமஸ் ஹோல்ராய்டும் அப்படித்தான் வந்தார். பார்லிமென்ட் தேர்தலில் போட்டி. கிழவருக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை என்று எதிராளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நிக்கிற மாதிரியே எடுய்யா. வீட்டுக்கு வீடு குடுக்கணும். அந்தப் பய வாயை மூடணும்."

படம் பதியச் சில விநாடிகள் ஆகும்; அதுவரை தலை அசையக் கூடாது. அதற்காக, வாலிபர்களுக்குக்கூடப் பின்னால் ஓர் இரும்புக் கம்பத்தை நிறுத்தி, அதன் கவட்டையில் பிடரியைப் பொருத்துவேன். கம்பத்தின் அடிப்பாகம் தெரியாமல் திரைச்சீலையை இழுத்துவிடுவது வழக்கம்.

"அந்தத் துணியைத் தள்ளு. பின்னால அலமாரிப் புத்தகமெல்லாம் மறையுது."

"ஐயா, அது அங்க இருக்கிறதே..."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

தள்ளிவிட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு.

படம் வந்ததும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். நெற்றிச் சுருக்கத்தை எடுக்கச் சொன்னார், கழுத்துத் தொங்கலை எடுக்கச் சொன்னார், கண்ணில் கொஞ்சம் ஒளி வைக்கச் சொன்னார். தொப்பைக்குக் கீழே பூதக்கண்ணாடி இறங்கவே இல்லை. "ரொம்ப இளமையா இருக்கேனோ?" என்று வெட்கப்பட்டு, ஊருக்கெல்லாம் அனுப்பிவைத்தார்.

தேர்தல் மேடை. தூறல் வேறு. "படத்தைப் பாத்தீங்கல்ல? இந்த வயசுலயும் எப்படி நிக்கிறேன்" என்று தொடங்கினார். முன்வரிசையில் இருந்த ஜேபெஸ் என்ற நெசவாளி படத்தை உயர்த்திப் பிடித்தான்.

"பாத்தோங்கய்யா. பூட்ஸ் ரெண்டும் உங்களுது, சரி. நடுவுல ஒரு இரும்புக் கால் நிக்குதே, அது யாருது?"

கல்யாணப் படத்துக்கு அதே இரும்பைப் பிடரியில் வாங்கிய கூட்டம் அது. யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"ஐயா இறங்கட்டும்ப்பா. இரும்பை நிறுத்துங்க, ஓட்டுப் போடுறோம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஹோல்ராய்டு அப்போதுதான் படத்தின் கீழ்ப்பகுதியைப் பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அன்று அவர் மழையில், எதையும் பிடிக்காமல், சிரிப்பு அடங்கும்வரை நேராகத்தான் நின்றுகொண்டிருந்தார். அதை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்தலில் தோற்றுப்போனார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டுச் சுவரிலும் உங்கள் படம் ஒன்று இருக்குமே, அதில் முகத்தைத் தவிர வேறு எதையாவது பார்த்திருக்கிறீர்களா? வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கீழே பார்க்கிறார்கள். பிறகுதான், உங்கள் மனம் நோகக் கூடாதே என்று, முகம் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள்.