கறிக்கடைக்குப் போன மீல்மேக்கர் குழம்பு

ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். கறி இல்லாம ஒரு மத்தியானச் சாப்பாடு செய்யணும். அவ்வளவுதான்.

யாருக்குன்னா, என் மக சங்கரிக்கு. பத்து வயசு, அஞ்சாம் வகுப்பு. மூணு வாரமா கறி, மீன், கோழி எதையும் தொடுறதில்ல.

காரணம் நான்தான். சும்மா இருந்தவளைக் கறிக்கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். கடை ஓரத்துல ஒரு ஆடு கட்டிக் கிடந்துச்சு. இவ கையில இருந்த பிஸ்கட்டை நீட்டினா. அதுவும் சமத்தா வாங்கித் தின்னுச்சு. நாலு பிஸ்கட் உள்ள போச்சு. அஞ்சாவதை நீட்டுறதுக்குள்ள கறிக்கடை அண்ணாச்சி வந்து, "பாப்பா, செத்த தள்ளி நில்லும்மா"ன்னு கயித்தை அவுத்துட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அறிவிப்பு வந்துச்சு.

"எப்பா, நான் பிஸ்கட் குடுத்த ஆட்டை நானே எப்படித் திங்க? இனிமே எனக்குக் கறி வேண்டாம்."

"கோழிக்கு நீ பிஸ்கட் குடுக்கலையேட்டி?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேம்லா!"

எங்க வீட்டுல ஆறு நாள் சமையல் என் மனைவி செல்வி. ஞாயித்துக்கிழமை மட்டும் நான். எனக்குத் தெரிஞ்ச காய்கறி எல்லாம் கறிக்குழம்புல மிதக்குற உருளைக்கிழங்கு ஒண்ணுதான்.

நான் பத்திரம் எழுதுற ஆபீஸ்ல இருக்கேன். அங்க டைப் அடிக்கிற அக்கா பரம்பரையா சைவம். அவங்ககிட்ட யோசனை கேட்டேன். கூட்டாஞ்சோறு, சொதி, உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், தட்டப்பயறு போட்ட கத்தரிக்காய்க் குழம்புன்னு விரல் விட்டு எண்ணினாங்க.

"பிள்ளைக்கு இதைச் செஞ்சு குடுங்க தம்பி. தட்டை வழிச்சுச் சாப்பிடும்"னாங்க.

தலையை நல்லா ஆட்டினேன். ஒண்ணையும் செய்யல.

ஏன்னா என் மூளை வேற மாதிரி ஓடுச்சு. பாவம் பிள்ளை, வாய்விட்டுச் சொல்லாட்டியும் உள்ளுக்குள்ள கறிக்கு ஏங்கும்ல? அதனால கறி மாதிரியே இருக்கணும், ஆனா கறியா இருக்கக் கூடாது. எப்படி நம்ம திட்டம்!

முதல் ஞாயிறு, வாழைக்காயை வட்ட வட்டமா நறுக்கி, மீன் மசாலா தடவிப் பொரிச்சேன். ரெண்டு துண்டு தின்னா. "எப்பா, மீன் மாதிரியே இருக்கு"ன்னு மீதியை ஓரமா ஒதுக்கிட்டா. நான் அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன்.

ரெண்டாவது ஞாயிறு ஒரு பாவம் பண்ணினேன். வளர்ற பிள்ளைக்குச் சத்து வேணுமேன்னு, பருப்புக் குழம்புல பக்கத்து வீட்டுல குடுத்த எலும்புச் சாறை ஒரே ஒரு கரண்டி ஊத்திட்டேன். சாறு மட்டும் போயிருந்தா பரவாயில்ல. கூடவே ஒரு எலும்புச் சில்லும் போயிருக்கு. அது சரியா அவ தட்டுல விழுந்திருக்கு.

"எப்பா, இது என்னது?"

"தேங்காய்ச் சில்லுட்டி."

"நெசமாவா?"

"கோமதியம்மன் மேல சத்தியமா!"

அவ அதைக் கழுவி, தட்டுல போட்டு, ஸ்பூனால தட்டிப் பாத்தா. டிங்குன்னுச்சு. "தேங்கா இப்படியா சத்தம் போடும்?"னு கேட்டா.

செல்வி அடுக்களையில இருந்தே குரல் குடுத்தா. "எலும்பும் போட்டு அம்மன் மேல சத்தியமும் பண்ணுதியளா? நல்லா விளங்கும்!"

அன்னையில இருந்து நான் தொட்ட எதையும் அவ தொடுறதில்ல. நான் தண்ணி மோந்து குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிக்கிறா. எது சொன்னாலும், "அம்மாகிட்ட கேட்டுக்கிடுதேன்"ங்கா. மக்களே, அது எனக்கு ரொம்ப வலிச்சுது. எம்பிள்ளை என்னை நம்பலேங்கிறதை என்னால தாங்க முடியல.

அதனால மூணாவது ஞாயிறு, அதாவது இந்த ஞாயிறு, ஒரு பொட்டுப் பொய் இல்லாம சமைக்கிறதுன்னு முடிவு பண்ணினேன். செல்வி கோயிலுக்குக் கிளம்பிட்டா. சங்கரி பக்கத்து வீட்டுல விளையாடிட்டு இருந்தா. நான் கடையில ஒரு பாக்கெட் மீல்மேக்கர், அதான் சோயா உருண்டை, வாங்கிட்டு வந்தேன்.

கொதிக்கிற வெந்நியில ஊற வச்சேன். பச்சைத் தண்ணியில மூணு தடவை அலசிப் பிழிஞ்சேன். கறித்துண்டு மாதிரி ஒண்ணொண்ணாக் கையாலப் பிச்சேன். சின்ன வெங்காயம், பெருஞ்சீரகம், மிளகு, மிளகா வத்தல், தேங்காய் எல்லாத்தையும் நல்லெண்ணெய்ல வறுத்து அரைச்சு, சுண்டச் சுண்ட வேக விட்டேன். வாசம் வந்துச்சு பாருங்க, எனக்கே கண்ணு கலங்கிட்டு. இதுவரைக்கும் நான் வச்ச ஒரு கறிக்குழம்புகூட இப்படி வந்ததில்ல!

அங்கனதான் சனி பிடிச்சுது.

சங்கரி வாசல்ல கால் வச்சதும் மூக்கைச் சுருக்கினா.

"எப்பா, கறி வச்சிருக்கிய."

"இல்லட்டி, மீல்மேக்கர்! இந்தா பாக்கெட்டு."

பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "பாக்கெட்டு சரிதான். சட்டிக்குள்ள கெடக்கது இதுல இருந்ததுதான்னு யாரு கண்டா?"

"சத்தியமா..."

"போன வாரமும் சத்தியம்தான் பண்ணுனிய."

"சரி, என்ன செஞ்சா நம்புவ?"

"சாட்சி வேணும்."

ரெண்டு சாட்சி இல்லாம பத்திரம் செல்லாதுன்னு நான் வீட்டுல போன்ல பேசுறதை எல்லாம் கேட்டு வளந்த பிள்ளை. வேற என்ன கேக்கும்? அவங்கம்மாவைச் சொல்லலாம்னா, நான் சமைக்கும்போது அவ வீட்டுலயே இல்ல.

அப்பத்தான் என் புத்தி வேலை செஞ்சுது. "ஏட்டி, கறி எது, கறி இல்லாதது எதுன்னு ஊருலயே நல்லாத் தெரிஞ்சவர் யாரு? கறிக்கடை அண்ணாச்சி. அவரு சொன்னா நம்புவியா?"

யோசிச்சா. "நம்புதேன்."

நான் ஒரு கிண்ணத்துல நாலு துண்டு எடுத்தேன். கையைப் பிடிச்சுட்டா. "நல்ல துண்டாப் பாத்து எடுக்கிய. சட்டியோட வாங்க."

சுடச்சுட குழம்புச் சட்டியைத் துணியால பிடிச்சுக்கிட்டு, பட்டப்பகல்ல தெருவுல நடந்தேன். பின்னாலயே போலீஸ் மாதிரி என் மக.

முக்கு வீட்டு அக்கா கேட்டாங்க. "என்ன தம்பி, கறிச்சட்டியோட எங்க போறிய? வாசம் ஆளைத் தூக்குதே!"

"கறி இல்லக்கா, மீல்மேக்கர்."

"சரி சரி. நாங்க என்ன பங்கா கேட்டோம்?"

சங்கரி என்னைப் பாத்தா. சட்டியைப் பாத்தா.

கடையில நாலஞ்சு பேர் நின்னாங்க. அண்ணாச்சி கத்தியை வச்சுட்டு, "வாங்க தம்பி! மூணு வாரமா ஆளைக் காணோமே?"ன்னார். நான் விவரம் எதுவும் சொல்லல. முன்கூட்டியே சொன்னா, "சொல்லிக் குடுத்துட்டிய"ன்னு இவ சொல்லுவாளே!

"அண்ணாச்சி, இதை ஒரு வாய் தின்னு பாத்து, என்னன்னு சொல்லுங்க."

ஒரு துண்டை எடுத்து வாயில போட்டார். கண்ணை மூடினார். மெல்ல மென்னார். சங்கரி அவர் வாயையே பாத்துட்டு நின்னா. எனக்குப் பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட இப்படி நெஞ்சு அடிச்சதில்ல.

"இளங்குட்டி. பஞ்சா வெந்திருக்கு."

போச்சு!

அதோட விட்டாரா? அவர் முகம் மெல்ல மாறுச்சு. "எந்தக் கடையில வாங்குனிய?"

"அண்ணாச்சி, அது வந்து..."

"இல்ல தம்பி, மூணு வாரமா வரல. சரி, வெளியூர் போயிருப்பியன்னு நெனச்சேன். வேற கடையில கறி வாங்கி, குழம்பும் வச்சு, அதை எங்கிட்டயே கொண்டாந்து ருசி பாக்கச் சொல்லுதிய. இது நியாயமா இருக்கா?"

"ஐயோ, இது கறியே இல்ல அண்ணாச்சி! மீல்மேக்கர்!"

"கறி வெட்டுதவன்கிட்டயே கதை விடுதியளே!"

வரிசையில நின்ன வேட்டிக்காரர் இடையில புகுந்தார். "இங்கன கொடுங்க, நான் சொல்லுதேன்." ஒரு துண்டு, சந்தேகத்துக்கு இன்னொரு துண்டு. "கறிதான். ஆனா குட்டி இல்ல, கொஞ்சம் முத்தினது."

பச்சைச் சேலை அக்கா ஒருத்தங்க, "உங்களுக்கெல்லாம் நாக்கு செத்துப் போச்சு. இது காளான்"னாங்க. அவங்களுக்கு மூணு துண்டு. இன்னொருத்தர் அவங்களை மறுத்துப் பேச ரெண்டு துண்டு எடுத்தார். கடைசியில நின்னவர் எதுவுமே சொல்லல, எடுத்துக்கிட்டே இருந்தார்.

சங்கரி என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. கண்ணு நிறைஞ்சு நின்னுச்சு. "போதும்பா. வீட்டுக்குப் போவோம்."

கோவமாச் சொல்லியிருந்தா சமாளிச்சிருப்பேன். அவ மெதுவாச் சொன்னா.

அப்பத்தான் கறி வெட்டுற கட்டைக்கு அடியில இருந்து ஒரு பூனை எட்டிப் பாத்துச்சு. சங்கரி அதைப் பாத்தா. கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

"மாமா, அந்தப் பூனைக்கு ஒரு துண்டு கறி போடுங்க."

அண்ணாச்சி ஒரு ஓரச் சவ்வைத் தூக்கிப் போட்டார். விழுந்த சத்தம் கேக்குறதுக்குள்ள பூனை அதை முழுங்கிட்டு.

"எப்பா, இப்ப நம்ம துண்டு ஒண்ணு எடுங்க. அப்படியே போடாதிய, மசாலாவைக் கழுவுங்க. இல்லாட்டி உறைப்புக்குப் பயந்து திங்கலன்னு சொல்லுவாங்க."

யார் பெத்த பிள்ளை இது! செம்புத் தண்ணியில மூணு தடவை கழுவிப் போட்டேன்.

பூனை பக்கத்துல வந்துச்சு. மோந்துச்சு. காலால ஒரு தட்டு தட்டுச்சு. தலையைத் தூக்கி, இதெல்லாம் ஒரு சாப்பாடாங்கிற மாதிரி என் மூஞ்சியைப் பாத்துச்சு. திரும்பி வாலைத் தூக்கிட்டுப் போயிட்டு.

அண்ணாச்சி கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னார். "பூனை சொல்லியாச்சு. அதுக்கு மேல அப்பீல் கிடையாது."

சங்கரி என் கையைப் பிடிச்சா. "நம்புதேம்பா. ஆனா போன வாரம் போட்டது?"

"அது எலும்புதான் தாயி. தெரிஞ்சேதான் போட்டேன். சத்தியமும் பொய்தான். இனி செய்ய மாட்டேன்."

"அம்மன்கிட்டயும் சொல்லிருங்க."

"சொல்லுதேன்."

கிளம்பும்போது அண்ணாச்சி என்னை ஓரமாக் கூட்டிட்டுப் போனார். குரலை இறக்கி, "தம்பி, இதை எப்படிச் செஞ்சியன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க. எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்கா. ஒண்ணரை மாசமாக் கறியைத் தொட மாட்டேங்கா. கடைக்காரன் மகளே கறி திங்கலன்னா யாவாரம் என்னத்துக்கு ஆகும்? வெளிய சொல்லிராதிய"ன்னார்.

சொல்லல. உங்ககிட்ட மட்டும்தான் சொல்லுறேன்.

திரும்பி நடக்கும்போது சட்டி லேசா இருந்துச்சு. எட்டிப் பாத்தா அடியில கொஞ்சம் மசாலாவும் ஒரு கறிவேப்பிலையும். சாட்சி சொன்னவங்க எல்லாரும் சேந்து காலி பண்ணிட்டாங்க!

சங்கரி கேட்டா. "எப்பா, நான் ஆடு வேண்டாம்னுதானே சொன்னேன்? ஆடு மாதிரி வேணும்னு எப்பச் சொன்னேன்?"

மூணு வாரத்துல, 'உனக்கு என்னட்டி வேணும்?'னு நான் அவகிட்ட ஒரு தடவைகூட கேக்கல.

அன்னைக்கு மத்தியானம் மூணு பேருக்கும் மோர்ச்சோறுதான். தட்டை வச்சுக்கிட்டு உக்காந்தவ, மோந்து பாக்காம சாப்பிட்டா. ரெண்டாந் தடவையும் வாங்கிக்கிட்டா.

"எப்பா, இன்னைக்குத்தான் நல்லாச் சமைச்சிருக்கிய"ன்னா.

சோறு செல்வி கோயிலுக்குப் போறதுக்கு முன்னாலயே வடிச்சு வச்சது. மோர் பாக்கெட்ல வந்தது. நான் போட்டது உப்பு மட்டும்தான், அதுவும் கொஞ்சம் கூடிப் போச்சு.